ரியாசான், 1959: ஒரே ஆண்டில் மூன்று மடங்கு இறைச்சி

1959 ஜனவரி 9 அன்று சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான 'பிராவ்தா'வில் ஒரு மாகாணத்தின் உறுதிமொழி வெளியானது. மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில், ஓகா ஆற்றங்கரையில் இருக்கும் ரியாசான் மாகாணம், அரசுக்குத் தான் அளக்கும் இறைச்சியை ஓராண்டுக்குள் மூன்று மடங்காக்குவதாக அறிவித்தது. 1958-இல் அது கொடுத்தது 48,000 டன். 1959-இல் கொடுப்பதாகச் சொன்னது 1,50,000 டன். டிசம்பரில் "இலக்கை எட்டிவிட்டோம்" என்ற அறிவிப்பும் வந்தது. 1960-இல் அதே மாகாணத்தால் 30,000 டன்னைத் தாண்ட முடியவில்லை. மாடுகளின் எண்ணிக்கை 1958-ஐ விட ஏறத்தாழ 65 விழுக்காடு சரிந்திருந்தது. தானிய விளைச்சல் பாதியாகிவிட்டது. மாகாணக் கட்சியின் முதல் செயலாளர் அலெக்சேய் லரியோனோவ் அந்த ஆண்டிலேயே தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார்.

இதை ஒரு பேராசைக்காரரின் கதையாகவோ ஒரு பொய்யரின் கதையாகவோ சொல்வதுதான் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. லரியோனோவ் 1948 முதல் அந்த மாகாணத்தை நடத்தியவர். அங்கே எத்தனை மாடு, எவ்வளவு தீவனம் என்று அறியாதவர் அல்ல. அவர் எடுத்து வைத்த ஒவ்வொரு அடியும் அந்தப் பொருளாதார அமைப்பு பரிசளித்த அடி. திட்டப் பொருளாதாரம் தோற்றதற்குக் காரணம் மையத்தில் இருந்தவர்களுக்குக் கணக்குப் போடத் தெரியாததுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ரியாசான் காட்டுவது வேறொன்றை. கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "இது நடக்காது" என்று சொன்னால் அந்தச் சொல் நிற்கும்படியான ஓர் இடம்தான் மேலிருந்து கீழ் வரை எங்கும் இல்லை.

இலக்கு பிறந்த விதம்

1957 மே மாதம் லெனின்கிராடில் வேளாண் ஊழியர்கள் கூட்டம் ஒன்றில் சோவியத் கட்சித் தலைவர் நிகிதா குருஷ்சேவ் பேசினார். இறைச்சி, பால், வெண்ணெய் மூன்றிலும் தலைக்கணக்கில் அமெரிக்காவை எட்டிப்பிடித்து முந்த வேண்டும், இறைச்சியில் அதைச் சில ஆண்டுகளிலேயே செய்துவிட முடியும் என்பது அவர் அறைகூவல். அப்போது அமெரிக்காவில் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 100 கிலோ இறைச்சி உற்பத்தியானது. சோவியத் ஒன்றியத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, மூன்று மடங்கு என்ற எண் எந்தப் பண்ணையின் தொழுவத்திலும் பிறக்கவில்லை. இரண்டு நாடுகளின் புள்ளிவிவரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் பிறந்தது.

அந்த ஆசையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. போரில் இரண்டு கோடிக்கும் அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த நாடு அது. 1946-47 பஞ்சத்தில் மக்கள் பட்டினியால் செத்தார்கள். குடிமக்களின் தட்டில் இறைச்சி வரவேண்டும் என்று அதன் தலைவர் விரும்பியதில் பிழையில்லை. ஆனால் 1958 முடியும் தறுவாயில் இறைச்சி உற்பத்தி சில விழுக்காடுதான் கூடியிருந்தது. 1959 ஜனவரி இறுதியில் கட்சியின் 21-ஆவது மாநாடு கூடவிருந்தது. புதிய ஏழாண்டுத் திட்டம் (1959-65) அங்கேதான் அறிவிக்கப்படும். மாநாட்டு மேடையில் காட்ட ஒரு சாதனை தேவைப்பட்டது. 1958 இறுதியில் கட்சியின் மையக் குழுவிலிருந்து மாகாணங்களுக்கு ஓலை போனது: 1959-இல் இறைச்சியைப் பெருக்க உறுதியான நடவடிக்கை எடுங்கள்.

பெரும்பாலான மாகாணச் செயலாளர்கள் தயங்கினார்கள். லரியோனோவ் முன்வந்தார். அவருடைய உறுதிமொழி நடைமுறைக்கு ஒவ்வாது என்று மையக் குழுவின் வேளாண் துறையே சொன்னது. அதை நாளேட்டில் போட வேண்டாம் என்றும் தடுத்தது. குருஷ்சேவ் வற்புறுத்தியதால் அது வெளியானது. வெளியானதுமே ஸ்தாவ்ரோபோல், கிராஸ்னொதார் போன்ற பெரிய வேளாண் பகுதிகளும் தத்தம் இலக்குகளை உயர்த்தி அறிவிக்க வேண்டிய நிலை. பிப்ரவரியில், கூடுதலாக ஒரு கன்றுகூடப் பிறப்பதற்கு முன், ரியாசானுக்கு லெனின் விருது கிடைத்தது.

உறுதிமொழி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மேலிடம் விதிக்கும் இலக்கு ஒன்று. அதற்கு மேல் "நாங்களாகவே முன்வந்து" சொல்லும் சோசலிசக் கடப்பாடு இன்னொன்று. ஏட்டில் இரண்டாவது தன்விருப்பம். நடைமுறையில் அச்சேறிய மறுநாளே அது திட்டமாகிவிடும்.

திட்டம் போடப்படுவது எப்படி

நிகழ்ச்சிக்குள் போகுமுன் இந்த எந்திரம் ஓடிய விதத்தைப் பார்த்துவிட வேண்டும். கோஸ்பிளான் எனப்பட்ட அரசுத் திட்டக் குழு 1921 பிப்ரவரியில் உருவானது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1928-இல் தொடங்கியது. ஐந்தாண்டுத் திட்டம் என்பது திசைகாட்டி மட்டுமே. ஆலைகளையும் பண்ணைகளையும் உண்மையில் ஆட்டிவைத்தது ஆண்டுத் திட்டம். மேலிருந்து உத்தேச எண்கள் கீழே வரும். கீழேயிருந்து "இதைச் செய்ய எங்களுக்கு இன்னின்ன பொருள், இவ்வளவு ஆள் வேண்டும்" என்ற கோரிக்கை மேலே போகும். நடுவில் பேரம். பிறகு எண் சட்டமாகும்.

கோஸ்பிளானின் கையிலிருந்த முக்கியக் கருவி பொருள்வாரி இருப்புக் கணக்கு. எஃகு என்று ஒரு தாள் எடுத்துக்கொண்டால் இடப்பக்கம் வரவு: உற்பத்தி, இறக்குமதி, ஆண்டுத் தொடக்கக் கையிருப்பு. வலப்பக்கம் செலவு: ஆலைகளின் தேவை, கட்டுமானம், ஏற்றுமதி, ஆண்டிறுதிக் கையிருப்பு. செலவுப் பக்கம் கனத்தால் சந்தைப் பொருளாதாரத்தில் எஃகின் விலை ஏறும். வாங்குபவர் சிலர் பின்வாங்குவார்கள், விற்பவர் சிலர் புதிதாக வருவார்கள். இங்கே விலை அசையாது, அது தனியாக நிர்ணயிக்கப்பட்டது. ஆகவே எஃகு ஆலையின் இலக்கை உயர்த்துவார்கள், அல்லது யாருடைய ஒதுக்கீட்டையாவது வெட்டுவார்கள். எஃகை உயர்த்தினால் நிலக்கரித் தாளைத் திருத்த வேண்டும். நிலக்கரியைத் திருத்தினால் ரயில் வண்டிகளின் தாளை. ஏறத்தாழ 2,000 பொருள் தொகுதிகளுக்கு இப்படி மையத்தில் தாள் போட்டார்கள். அதற்குக் கீழே பல்லாயிரம் பொருள்கள். ஆண்டு தொடங்குவதற்குள் ஓரிரு சுற்றுகள்தான் திருத்த முடியும். மிச்ச ஓட்டையை, கொடுத்ததை விடக் குறைந்த பொருளில் கூடுதல் உற்பத்தி செய்யுங்கள் என்ற இறுக்கமான இலக்கு அடைக்கும்.

இதில் கணிதம் ஒரு தடையாக இருந்தது உண்மை. அதற்கும் அங்கே ஆள் இருந்தார்கள். லெனின்கிராடின் லியோனித் கந்தரோவிச் 1939-இலேயே, ஒட்டுப்பலகை ஆலையொன்றின் எந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் கேள்வியிலிருந்து தொடங்கி, நேரியல் திட்டமிடலின் அடிப்படையை உருவாக்கினார். 1975-இல் அதற்காகப் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் உலகின் மிகச் சிறந்த கணிதமும் உள்ளே போகும் எண்ணை நம்பித்தான் வேலை செய்யும். கீழேயிருப்பவர் எண்ணை ஏன் திரித்துக் கொடுக்கிறார் என்பதற்குச் சமன்பாட்டில் விடை கிடையாது.

அந்த விடை ஊக்கத்தொகையில் இருந்தது. திட்டத்தை 100 விழுக்காடு நிறைவேற்றிய மேலாளருக்குப் பரிசு. 99 என்றால் ஒன்றுமில்லை. 130 என்றால் அடுத்த ஆண்டு 130-தான் தொடக்கப் புள்ளி. எட்டிய அளவிலிருந்து திட்டமிடுதல் என்று இந்த வழக்கத்தை அங்கே சொல்வார்கள். எனவே புத்தியுள்ள மேலாளர் தன் திறனில் ஒரு பகுதியை ஒளித்து வைப்பார், 102-ஓடு நிறுத்துவார். ஒளிக்கிறார் என்று மேலிடத்துக்கும் தெரியும். அதனால் அவர் "முடியாது" என்று சொன்னால் அது உண்மையாகவே இருந்தாலும் நம்பமாட்டார்கள். ரியாசானைப் புரிந்துகொள்ள இதுதான் சாவி. மறுப்பு எல்லாமே சோம்பலாகவோ சதியாகவோ படிக்கப்படும் இடத்தில் உண்மையான மறுப்புக்கு மதிப்பு இராது.

தொழுவத்தில் நடந்தது

மாடு ஒரே நேரத்தில் விளைபொருளும் முதலும் ஆகும். எஃகு ஆலையில் உலையை உருக்கி எஃகுக் கணக்கில் சேர்க்க யாருக்கும் தோன்றாது. மாட்டை அப்படிச் சேர்க்கலாம். கறவைப் பசுவை வெட்டினால் இந்த ஆண்டுக் கணக்கில் இறைச்சி கூடும். அடுத்த ஆண்டின் பாலும், அதற்கடுத்த ஆண்டுகளின் கன்றுகளும் போகும். விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது போன்ற வேலை.

உறுதிமொழியை மாட்டுக் கணக்கில் மாற்றிப் பார்ப்போம். 1959 ஜனவரியில் சினை பிடித்த பசு அக்டோபரில் ஈனும். அந்தக் கன்று அடிமாடாகத் தேற இன்னும் ஒன்றரை ஆண்டு வேண்டும். ஆக, அந்த ஆண்டில் எடுக்கும் எந்த நல்ல முடிவும் அந்த ஆண்டின் மாட்டிறைச்சியில் தெரியாது. பன்றி விரைவில் வளரும், நான்கு மாதத்துக்குள் ஈனும். ஆனால் அதற்குத் தீவனம் வேண்டும், தீவனத்தை மூன்று மடங்காக்கும் திட்டம் எதுவும் இல்லை. ஒரு மாட்டின் உயிர் எடை 350 கிலோ என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், கூடுதல் 1,00,000 டன்னுக்கு ஏறத்தாழ 2,85,000 மாடுகள் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

மூன்று இடங்களிலிருந்து வந்தன. முதலாவதாக, பண்ணைகளின் சொந்த மந்தை. அந்த ஆண்டின் வளர்ச்சி முழுவதும் வெட்டுக்குப் போனது. போதாமல் கறவை மாடுகளும் இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த மாடுகளும் போயின.

இரண்டாவதாக, உழவர் வீட்டு மாடு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டுப்பண்ணை உழவருக்கு வீட்டையொட்டி ஒரு துண்டு நிலமும் ஒரு பசுவும் சில சிறு கால்நடைகளும் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. கூட்டுப்பண்ணை வேலைக்குக் கிடைத்த கூலி சொற்பம், பல இடங்களில் ஆண்டு முடிவில்தான் கைக்கு வரும். குடும்பம் பிழைத்தது அந்தத் துண்டு நிலத்தாலும் பசுவாலும்தான். 1950-களில் நாட்டின் இறைச்சியிலும் பாலிலும் பாதியளவு இந்தச் சிறு வீட்டுத் தொழுவங்களிலிருந்து வந்தது. ரியாசானில் அந்தப் பசுக்களை "தற்காலிகமாக" என்று சொல்லி, ரசீது எழுதிக் கொடுத்து ஓட்டிப் போனார்கள். பசு போனால் குழந்தைக்குப் பால் போயிற்று, தோட்டத்துக்கு எரு போயிற்று, அவசரத்துக்கு விற்க இருந்த ஒரே பொருளும் போயிற்று. மாகாணத்தின் கணக்கேட்டில் அது இறைச்சி வரவாக ஏறியது.

மூன்றாவதாக, அக்கம்பக்கத்து மாகாணங்கள். பண்ணைகள் தம் ஆட்களை அனுப்பி வெளியூர் மாடுகளை வாங்கின. எந்திரத்துக்கும் பள்ளிக்கும் சாலைக்கும் ஒதுக்கிய பணம் இதற்குப் போனது. முந்தைய ஆண்டுதான் அரசு டிராக்டர் நிலையங்களைக் கலைத்து, எந்திரங்களை விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும்படி பண்ணைகளிடம் சொல்லியிருந்தது. ஏற்கெனவே காலியான பணப்பெட்டி அது. அண்டை மாகாணத்தில் பிறந்து வளர்ந்த மாடு ரியாசானின் சாதனையாகப் பதிவானது. நாட்டின் மொத்தத்தில் ஒரு கிலோவும் கூடவில்லை.

இவையும் போதாமல் போனபோது மாகாணத்தின் நிறுவனங்களுக்கெல்லாம் இறைச்சி வரி போடப்பட்டது. மாட்டுக்கும் தமக்கும் தொடர்பே இல்லாத அலுவலகங்கள் இறைச்சி வாங்கி அரசிடம் ஒப்படைத்தன. பள்ளிப் பிள்ளைகள் முயல் வளர்த்துக் கொடுத்தார்கள்.

டிசம்பர் நடுவில் மாகாணம் வெற்றியை அறிவித்தது: 1,50,000 டன். அதோடு நிற்காமல் 1960-க்கு 1,80,000 டன் என்று அடுத்த உறுதிமொழியும் கொடுத்தது. எட்டிய அளவிலிருந்துதானே திட்டமிட வேண்டும்? வெட்டி முடித்த மந்தையை அடிப்படையாக வைத்து அடுத்த இலக்கு உயர்ந்தது. லரியோனோவுக்குச் சோசலிச உழைப்பு வீரர் பட்டம் கிடைத்தது. மையக் குழுக் கூட்டத்தில் குருஷ்சேவ் அவரைக் கொண்டாடினார்.

மறுத்தவர்கள் யார், மறுக்க முடிந்தவர்கள் யார்

1960-இல் உழவர்கள் வேலைக்குப் போக மறுத்தார்கள். பசுவை ரசீதுக்குப் பறிகொடுத்தவர்கள் கூட்டுப்பண்ணை நிலத்தை உழ மாட்டோம் என்றார்கள். தானியம் பாதியானது அதனால்தான். இந்த முழு நிகழ்ச்சியிலும் விளைவை உண்டாக்கிய முதல் மறுப்பு இதுவே. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. வேறு வழியில் மறுக்க அவர்களுக்கு இடமில்லை. பொருளை விற்காமல் வைத்துக்கொள்ள முடியாது, கொள்முதல் கட்டாயம். ஊரை விட்டுப் போவதும் எளிதல்ல: கூட்டுப்பண்ணை மக்களில் பெரும்பாலோருக்கு உள்நாட்டுக் கடவுச்சீட்டே கிடையாது, அதை அனைவருக்கும் வழங்கும் ஆணை 1974-இல்தான் வந்தது.

பண்ணைத் தலைவரால் மறுக்க முடிந்ததா? அவரை நியமிப்பதும் நீக்குவதும் நடைமுறையில் கட்சிதான். பண்ணை நட்டப்பட்டால் மூடப்படும் என்ற அச்சம் இருந்திருந்தால் கறவை மாட்டை வெட்டுவதற்கு முன் ஒருமுறை யோசித்திருப்பார். அந்த அச்சமும் இல்லை. ஹங்கேரியப் பொருளியலறிஞர் யானோஷ் கோர்னாய் பின்னாளில் தளர்ந்த வரவுசெலவுக் கட்டுப்பாடு என்று பெயரிட்டது இதைத்தான்: நட்டம் அரசின் தலையில், இலக்குத் தவறினால் மட்டும் பழி மேலாளர் தலையில். இரண்டில் எதற்கு அவர் அஞ்சுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

லரியோனோவைக் கேள்வி கேட்க மாகாணத்தில் யாரும் இல்லை. நீதிமன்றம், நாளேடு, புள்ளிவிவர அலுவலகம் எல்லாம் ஒரே கட்சிக் குழுவின் கீழ். மாஸ்கோவில் வேளாண் துறை மறுத்தது; அந்த மறுப்பு ஓர் அலுவலகக் குறிப்பாக முடிந்தது. அதற்கு மேல் அதை எடுத்துச் செல்ல வழியில்லை. மேலே இருந்தவருக்கோ உண்மை தெரிய வேண்டிய தேவையே அந்த நேரத்தில் இல்லை, அவருக்குத் தேவைப்பட்டது முன்மாதிரி.

இங்கே ஓர் எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். இதே அமைப்புதான் 1941-இல் ஜெர்மன் படைகள் நெருங்கியபோது 1,500-க்கும் மேற்பட்ட ஆலைகளைப் பிரித்து ரயிலேற்றி ஊரல் மலைக்கும் அதற்கப்பாலும் கொண்டுபோய் மீண்டும் ஓட்டியது. குருஷ்சேவ் லெனின்கிராடில் பேசிய அதே 1957-இல், அக்டோபரில், ஸ்புட்னிக் வானில் ஏறியது. மறுப்புக்கு இடமில்லாத அமைப்பு இதையெல்லாம் எப்படிச் செய்தது?

பொருள்கள் சில, நோக்கம் ஒன்று, வேண்டியதை எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை என்பது வழக்கமான பதில். அது சரிதான், ஆனால் பாதிப் பதில். ஆயுத ஆலைகளில் படைத்துறையின் பிரதிநிதி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஆலை மேலாளரின் ஆள் அல்ல. தயாரான பீரங்கி தேறவில்லை என்றால் திருப்பி அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் அது திட்டக் கணக்கில் ஏறாது. ராக்கெட் விஷயத்தில் மறுப்பவர் இன்னும் கறாரானவர்: பிழையிருந்தால் அது ஏறாது, வெடிக்கும். சோவியத் பொருளாதாரம் நன்றாகச் செய்த துறைகளைப் பார்த்தால், வாங்குபவருக்கு நிராகரிக்கும் உரிமை இருந்த துறைகளாகவே அவை இருக்கின்றன. இறைச்சிக்கும் காலணிக்கும் துணிக்கும் அப்படி ஒருவர் இல்லை. கடைக்காரர் வந்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், மக்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

ரியாசானின் உறுதிமொழி அச்சான அதே 1959 ஜனவரியில் இந்தியாவிலும் வேளாண்மை பற்றி ஒரு பெரிய முடிவு எடுக்கப்பட்டது. நாக்பூரில் கூடிய காங்கிரஸ், நிலங்களைச் சேர்த்துக் கூட்டுறவாகப் பயிர் செய்வதே வருங்கால வழி என்று தீர்மானம் போட்டது. நாமும் அப்போது இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் இருந்தோம். ஆனால் இங்கே சரண் சிங் கட்சிக்குள்ளேயே எதிர்த்துப் பேசினார். ஜூன் மாதம் சென்னையில் ராஜாஜியும் ரங்காவும் மற்றவர்களும் சுதந்திராக் கட்சியை அறிவித்தார்கள். அதன் முதல் போர்க்குரலே நாக்பூர்த் தீர்மானத்துக்கு எதிரானது. தீர்மானம் மெல்லத் தாளிலேயே தங்கிவிட்டது. ராஜாஜியின் பொருளாதாரக் கொள்கை முழுவதையும் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான் ஏற்பவனும் அல்ல. ஆயினும் ஓர் உழவர் தன் நெல்லை விற்க மறுக்கலாம், ஒரு கட்சி திட்டத்தை மறுத்துத் தேர்தலில் நிற்கலாம் என்றிருந்ததால் இந்தியத் திட்டமிடல் தன் தவறுகளைச் சிறியதாக இருக்கும்போதே சந்தித்தது. லைசென்ஸ் ஆட்சியின் கேடுகள் வேறு கதை.

அதே பருவத்தில் சீனாவில் மறுப்பு முற்றிலும் அடைக்கப்பட்டிருந்தது. 1958-இன் தானிய விளைச்சல் 37.5 கோடி டன் என்று அறிவித்தார்கள். உண்மையில் சுமார் 20 கோடி. பொய்யான விளைச்சலின் அடிப்படையில் மெய்யான தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. அதையொட்டி வந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் இறந்தார்கள். ரியாசானில் மடிந்தவை பெரும்பாலும் மாடுகள் என்பதற்குக் காரணம், அந்த அளவுக்கான சேதம் ஒரு மாகாணத்தோடு நின்றதுதான்.

பிறகு

1960 இலையுதிர் காலத்துக்குள் நிலைமையை மூடி மறைக்க முடியாமல் போயிற்று. லரியோனோவின் முடிவை முதலிலேயே சொன்னேன். 1961 ஜனவரியில் கூடிய மையக் குழுவில் குருஷ்சேவ் பொய்க்கணக்கைக் கடுமையாகச் சாடினார். ரியாசானில் மட்டுமல்ல, நாடெங்கும் இந்த வழக்கம் பரவியிருந்தது தெரியவந்தது: கடையில் வெண்ணெய் வாங்கி, அதைப் பாலாகக் கணக்கிட்டு அரசிடமே திருப்பிக் கொடுத்த பண்ணைகளும் இருந்தன. மே மாதம் திட்டக் கணக்கில் இல்லாததை ஏற்றி எழுதுவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று ஆணை வந்தது. இலக்கு நிர்ணயிக்கும் முறையோ ஊக்கத்தொகை முறையோ தொடப்படவில்லை. முன்பு உண்மையைச் சொன்னால் பதவி போகும். இப்போது பொய் சொன்னால் சிறை. நடுவில் மாட்டிக்கொண்ட பண்ணைத் தலைவர், இலக்கு விதிக்கப்படும்போதே தன் திறனை இன்னும் ஆழமாக ஒளிப்பதைத் தவிர வேறென்ன செய்வார்?

இறைச்சிப் பற்றாக்குறை தொடர்ந்தது. கொள்முதல் விலை பண்ணையின் செலவுக்கே கட்டாது, அதிகம் வளர்த்தால் அதிக நட்டம். 1962 ஜூன் 1 அன்று அரசு கொள்முதல் விலையையும் கூட்டி, கடை விலையையும் கூட்டியது: இறைச்சி சராசரி 30 விழுக்காடு, வெண்ணெய் 25. பொருளியல் கணக்கில் அது சரியான நடவடிக்கை. ஆனால் அதுவரை எதிலும் கருத்துக் கேட்கப்படாத மக்களிடம் ஒரே நாளில் ஆணையாகப் போய் இறங்கியது. தென் ரஷ்யாவின் நொவோசெர்காஸ்க் நகரில் ரயில் எஞ்சின் ஆலைத் தொழிலாளர்களுக்கு அதே சமயத்தில் கூலி விகிதமும் குறைக்கப்பட்டிருந்தது. அவர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். இறைச்சி, வெண்ணெய், கூலி உயர்வு என்பவையே அவர்கள் கோரிக்கைகள். ஜூன் 2 அன்று படை சுட்டது. 26 பேர் இறந்ததாகப் பல பத்தாண்டுகள் கழித்து அரசு ஒப்புக்கொண்டது. பின்னர் 7 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மறு ஆண்டு, 1963-இல், விளைச்சல் பொய்த்தபோது சோவியத் ஒன்றியம் கனடாவிடமும் பிற நாடுகளிடமும் பெருமளவில் கோதுமை வாங்கியது.

நொவோசெர்காஸ்கிலிருந்து அரசு படித்துக்கொண்ட பாடம் ஒன்றே: இறைச்சி விலையைத் தொடாதே. 1962-இல் வைத்த கடை விலை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அப்படியே நின்றது. இடையில் கூலி ஏறியது, தீவன விலை ஏறியது, கொள்முதல் விலை பலமுறை ஏறியது. வித்தியாசம் முழுவதையும் கருவூலம் மானியமாகச் சுமந்தது. மலிவு விலையில் இறைச்சி கிடைக்கும் என்றார்கள், கடையில் இறைச்சி இல்லை. இருந்ததை மாஸ்கோவுக்கு முதலில் அனுப்பினார்கள். 1970-களில் மாஸ்கோவைச் சுற்றிய மாகாணங்களில் ஒரு விடுகதை வழங்கியது: நீளமானது, பச்சையானது, தொத்திறைச்சி வாசம் அடிப்பது எது? தலைநகருக்குப் போய் இறைச்சி வாங்கித் திரும்புபவர்கள் நிறைந்த மின்ரயில் என்பது விடை. ரியாசானுக்குப் போகும் வண்டியும் அவற்றுள் ஒன்று.

1965-இல் பிரதமர் அலெக்சேய் கோசிகின் மொத்த உற்பத்திக்குப் பதில் விற்பனையையும் லாபத்தையும் அளவுகோலாக்கும் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். விலை நிர்ணயமும் பொருள் ஒதுக்கீடும் மையத்திலேயே இருந்ததால் சில ஆண்டுகளில் அது பழைய தடத்துக்கே திரும்பியது. எட்டிய அளவிலிருந்து திட்டமிடும் வழக்கம் கடைசி வரை நீடித்தது. 1991 ஏப்ரலில் இறைச்சியின் அரசு விலை ஒருவழியாக உயர்த்தப்பட்டது. கோஸ்பிளான் கலைக்கப்பட்டதும் அந்த ஆண்டில்தான்.